அரோகரா வேகம்

எங்கள் கடையில் கம்பியும் ஆணியும் நிறுக்கிற பெரிய தராசு ஒன்று இருக்கிறது. தரையோடு கிடக்கும் இரும்புப் பலகை, அதன் தலைமாட்டில் சிவப்பு எண்கள் ஓடும் ஒரு பெட்டி. போன வருசம் தைப்பொங்கல் முடிந்த கையோடு, கடை பூட்டுகிற நேரம், சும்மா பகிடிக்கு அதில் ஏறி நின்றேன். 86.4 என்றது. பக்கத்தில் நின்ற பொடியன் பில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "என்ன கம்பியெண்டு போட, அண்ணன்? பத்து மில்லியா, பன்னிரண்டா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் கல்லடிப் பாலத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாவியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றதை அவனிடம் சொல்லவில்லை. ஐந்தடி ஆறு அங்குல உயரத்துக்கு அது பெரிய எண். அதோடு அப்பாவுக்குச் சீனி வருத்தம் பிடிபட்டது 43 வயதில். எனக்கு அப்போது 41.

அந்தக் கிழமையே இரண்டு முடிவு எடுத்தேன். ஒன்று ஓடுவது, மற்றது சோற்றை நிறுத்துவது. ஓடுவது என் சொந்த யோசனை. சோற்றை நிறுத்துவது கனடாவில் இருக்கிற மச்சானின் யோசனை. அவர் ஒரு மணி நேரம் போனில் கதைத்ததைச் சுருக்கினால் இவ்வளவுதான்: உடம்பு முதலில் மாச்சத்தைத்தான் எரிக்கும், அது இருக்கிற வரைக்கும் கொழுப்பில் கை வைக்காது, ஆகவே மாச்சத்தை வாசலிலேயே மறித்துவிட்டு வெறும் வயிற்றோடு ஓடினால் கொழுப்பு தானாக உருகும். கேட்க எவ்வளவு நேராக இருக்கிறது! முழுக்கப் பொய் என்றால் இரண்டு நாளில் விட்டிருப்பேன். அதில் பாதி உண்மை என்பதால்தான் ஐந்து மாதம் அலைந்தேன்.

மாசி மாதம் தொடங்கினேன். சோறு இல்லை, பாண் இல்லை, இடியப்பம் இல்லை, பிட்டு இல்லை. மட்டக்களப்பில் இருந்துகொண்டு பிட்டு இல்லாமல் ஒரு காலை என்பது எப்படியிருக்கும் என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முட்டை, மீன், கீரை, எருமைத் தயிர், சம்பல். முதல் கிழமை முடிய தராசில் ஏறினேன்: 83.6. ஏழு நாளில் 2.8 கிலோ! பொடியன் அதைக் கடைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் எழுதி வைத்தான். அன்று இரவு மச்சானுக்குப் போன் எடுத்து நன்றி சொன்னேன்.

அந்த 2.8 கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். இது எனக்குப் பிறகுதான் விளங்கியது. நாம் சாப்பிடுகிற மாச்சத்தில் அப்போதைக்கு வேண்டியது போக மிச்சத்தை உடம்பு கிளைக்கோஜனாகக் கட்டி வைத்துக்கொள்கிறது, ஈரலில் ஒரு 100 கிராம், தசைகளில் 300 முதல் 500 கிராம் வரை. அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவு தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் சில நாளில் இந்தக் கையிருப்புக் கரைகிறது, பிடித்து வைத்திருந்த தண்ணீரும் சிறுநீராகப் போய்விடுகிறது, தராசு இறங்குகிறது. வயிற்றுத் தொப்பை அசையவேயில்லை. பாடசாலையில் மாச்சத்தைக் காபோவைதரேற்று என்றும் கொழுப்பை இலிப்பிட்டு என்றும் விஞ்ஞானப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தபோது யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஒரு போன் காசாவது மிஞ்சியிருக்கும்.

பங்குனி மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு. விடிய ஐந்தேகாலுக்குக் கல்லடிப் பாலத்திலிருந்து வெளிக்கிட்டேன். வெறும் வயிறு, கையில் தண்ணீர்ப் போத்தல் மட்டும். ஆரையம்பதி வரை போய்த் திரும்புவது திட்டம், என் கைபேசிக் கணக்கில் 15 கிலோமீற்றர். அதுவரை அவ்வளவு தூரம் ஓடியதில்லை. போகும்போது ஒரு குறையும் இல்லை, நாவற்குடாவில் பால்காரரை முந்தியதில் கொஞ்சம் பெருமையும் கூட. திரும்பி வருகிற வழியில், காத்தான்குடிக்குள் நுழைகிற இடத்தில், கால்கள் பச்சைச் செங்கல் மாதிரி ஆகத் தொடங்கின. வலி என்றில்லை. கனம். பிறகு வியர்வை குளிரத் தொடங்கியது. ஒரு கடையின் பெயர்ப்பலகையை வாசித்தேன், வாசித்தது விளங்கவில்லை, திரும்ப வாசித்தேன், மறுபடியும் விளங்கவில்லை. என்னைத் தாண்டிப் போன சைக்கிள்காரர் மேல் காரணமே இல்லாமல் கோபம் வந்தது. மனைவியைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தால், திறக்கிற இலக்கம் நினைவுக்கு வரவில்லை. தினமும் நூறு தடவை அமத்துகிற நாலு இலக்கம்.

காத்தான்குடிப் பிரதான வீதியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நடுவில் வரிசையாகப் பேரீச்சை மரங்கள் நிற்கும். அந்த மரத்தடிக் கட்டில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே அப்போதுதான் கதவு திறந்த தேநீர்க் கடை. கடைக்காரக் காக்கா ஒருவர், அறுபது வயதிருக்கும், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீதியைக் கடந்து வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன தம்பி, சீனிக்கு மருந்து எடுக்கிறதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப காலையில என்ன சாப்பிட்டீங்க?"

அதற்கும் தலையாட்டினேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் போய், ஒரு பிளேன்டீயும் ஒரு பணிசும் கொண்டு வந்தார். மூன்று கரண்டி சீனி, அடியில் கரையாமல் கிடந்தது தெரிந்தது. ஏழு கிழமையாக நஞ்சு என்று விலக்கி வைத்த சாமான் இரண்டும். முதல் மிடறு தொண்டைக்குள் இறங்குவதற்குள்ளேயே ஏதோ ஒரு விளக்கு எரிந்த மாதிரி இருந்தது, பத்து நிமிசத்தில் எதிர்க் கடைப் பலகையை ஒரே தடவையில் வாசித்தேன். அது பாய் தலையணைக் கடை. காக்கா காசு வாங்கவில்லை. "ஓடுறது நல்லம் தம்பி, வயித்தில என்னத்தயாவது போட்டுட்டு ஓடுங்க" என்றார்.

சரி, என்ன நடந்தது எனக்கு?

உடம்பு எரிக்கிற விறகு இரண்டு வகை, மாச்சத்தும் கொழுப்பும். புரதமும் கொஞ்சம் எரியும், அதை விட்டுவிடுவோம். மாச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9. சேமிப்பு என்று பார்த்தால் கொழுப்பின் பக்கம்தான் மலை. என்னைப் போன்ற ஒருவரின் உடம்பில் இருக்கிற கொழுப்பைக் கொண்டு கொழும்புக்கு ஓடிப் போய் ஓடியே திரும்பலாம். மாச்சத்துக் கையிருப்போ, முழுதாக நிரம்பியிருந்தாலும், 2000 கலோரி அளவுதான். மச்சான் சொன்ன மாதிரி ஒன்று முடிந்து மற்றது என்று வரிசையில் எரிவதில்லை. எந்த நேரமும் இரண்டும் சேர்ந்தே எரிகின்றன. எது எவ்வளவு என்பதை முக்கியமாக முடிவு செய்வது வேகம்.

மெல்லப் போகும்போது கொழுப்பின் பங்கு கூட. வேகம் ஏற ஏற மாச்சத்தின் பங்கு கூடிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் அது கொழுப்பை முந்திவிடும். இந்தக் கடவை இடத்தைப் பற்றி புரூக்ஸ், மெர்சியர் என்ற இருவர் 1994இல் எழுதியது இன்றும் பேசப்படுகிறது. ஏன் அப்படி மாறுகிறது என்பதற்குக் காரணம் ஒன்றுக்கு மேல் உண்டு, எனக்குப் பிடித்தது ஒட்சிசன் கணக்கு. ஒரு லீற்றர் ஒட்சிசனைக் கொடுத்தால் மாச்சத்தில் ஏறத்தாழ 5 கலோரி கிடைக்கும், கொழுப்பில் 4.7தான். மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு ஒட்சிசன்தான் தட்டுப்பாடு. அப்போது உடம்பு, கிடைக்கிற காற்றுக்குக் கூடுதல் வேலை செய்கிற விறகைத்தான் தேடும். கொழுப்பு மெதுவாகத்தான் அடுப்புக்கு வந்து சேரும் என்பது இன்னொரு காரணம். அம்மா இன்றும் பொங்கலுக்கு முற்றத்தில் அடுப்பு மூட்டும்போது பார்த்திருக்கிறேன், பன்னாடையும் காய்ந்த பாளையும் பக்கென்று பிடிக்கும், பாலைக் கொள்ளி சாவகாசமாகப் பிடித்து நின்று எரியும். பால் பொங்குகிற நேரத்தில் தீ போதாவிட்டால் அம்மா இன்னொரு கொள்ளியைத் திணிக்க மாட்டார், பாளையைத்தான் முறித்துப் போடுவார்.

இதை எப்படி அளக்கிறார்கள் என்றால், மூச்சை வைத்து. ஒரு குளுக்கோசு மூலக்கூறை எரிக்க 6 ஒட்சிசன் உள்ளே போய் 6 காபனீரொட்சைட்டு வெளியே வரும், விகிதம் 1. பால்மிற்றிக் அமிலம் என்ற சாதாரணக் கொழுப்பமிலத்தை எரிக்க 23 ஒட்சிசன் போய் 16 காபனீரொட்சைட்டு வரும், விகிதம் 0.7. முகமூடி ஒன்றைக் கட்டி ஓடவிட்டு, போகிற காற்றையும் வருகிற காற்றையும் அளந்தால், 0.85 என்று வருகிறவர் கிட்டத்தட்ட அரைக்கரைவாசி எரிக்கிறார் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஊசி வேண்டாம், இரத்தம் வேண்டாம். கணக்குப்பிள்ளையான எனக்கு இந்த விசயம் கொடுத்த சந்தோசத்தை வீட்டில் யாரிடமும் பகிர்ந்துகொள்ள முடியவில்லை.

காத்தான்குடியில் என்னை உட்கார வைத்தது தசையில் கையிருப்புக் குறைந்தது மட்டுமில்லை, மூளையும்தான். மூளை கொழுப்பை நேரடியாக எரிக்காது. நாளொன்றுக்கு 120 கிராம் அளவு குளுக்கோசு அதற்கு வேண்டும். மாச்சத்தை அறவே விட்டால் ஈரல் கொழுப்பிலிருந்து கீற்றோன் என்ற மாற்று விறகைச் செய்து ஓரளவு ஈடுகட்டும், ஆனால் முழுதாக இல்லை. இரவு முழுக்க ஈரல்தான் அந்த மாச்சத்தைச் சிறுகச் சிறுக விட்டுக்கொண்டிருந்தது. விடிய அதில் மிஞ்சியிருந்ததையும் நான் நாவற்குடாவில் பால்காரரை முந்தச் செலவழித்துவிட்டேன்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1924இல் பொஸ்டன் மரதன் ஓட்டத்தின் முடிவில் வைத்தியர்கள் சிலர் ஓடி வந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். வெளிறிப்போய், தடுமாறி, நினைவு மங்கி வந்தவர்களின் இரத்தத்தில் சீனி மிகவும் குறைந்திருந்தது. அடுத்த வருசம் ஓட்டத்துக்கு முன் மாச்சத்து உணவும், ஓடும்போது இனிப்பும் கொடுத்துப் பார்த்தார்கள், நிலைமை நன்றாகவே மாறியது. அதே 1924இல்தான் எங்கள் பழைய கல்லடிப் பாலமும் கட்டப்பட்டது. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் அந்தப் பாலத்தில் ஓடும்போதெல்லாம் நூறு வருசமாகத் தெரிந்த விசயத்தை நான் மரத்தடியில் இருந்து கற்றுக்கொண்டேனே என்று தோன்றும்.

முதல் மிடறிலேயே விளக்கு எரிந்தது பிரமையா என்றும் தேடிப் பார்த்தேன். இல்லையாம். 2004இல் இங்கிலாந்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு மாச்சத்துக் கரைசலை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். ஒரு சொட்டும் விழுங்கவில்லை. அப்படியும் அவர்கள் வேகமாக ஓட்டினார்கள். வாயில் மாச்சத்துப் பட்டதும் மூளைக்குத் தகவல் போய்விடுகிறது, சாப்பாடு வருகிறது, கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்கலாம் என்று. கடனுக்குச் சாமான் கேட்டு வருகிறவர் சட்டைப் பையில் சம்பளக் கவர் தெரிந்தால் முதலாளியின் முகம் மாறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஞாயிறுக்குப் பிறகும் நான் சோற்றுக்குத் திரும்பவில்லை, பிடிவாதம். தூரத்தைக் குறைத்தேன். நகரத்தில் ஒரு உடற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன், அங்கே ஓடுகிற இயந்திரத்தில் 'கொழுப்பு எரியும் வேகம்' என்று படம் போட்டிருந்தது, அந்த வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று அங்கிருந்த பயிற்சியாளர் தம்பி சொன்னார். நானும் கேட்டேன். இங்கேதான் மச்சானும் அந்தப் படமும் நானும் சேர்ந்து ஒரே பள்ளத்தில் விழுந்தோம்.

ஒரு மணி நேரம் மெல்ல நடந்து 300 கலோரி செலவாகிறது, அதில் 60 வீதம் கொழுப்பு என்று வைப்போம், 180. அதே ஒரு மணி நேரம் ஓடி 700 கலோரி, அதில் 35 வீதம்தான் கொழுப்பு, 245. பங்கு குறைந்தது, தொகை கூடியது. இது ஒரு பக்கம். இதைவிடப் பெரிய விசயம், அந்த ஒரு மணி நேரத்தில் எது எரிந்தது என்பதற்கும் தொப்பை குறைவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஓடும்போது சோற்றை எரித்தால் மிச்சம் 23 மணி நேரமும் உடம்பு கூடுதலாகக் கொழுப்பில் ஓடும். ஓடும்போது கொழுப்பை எரித்துவிட்டு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டால் எரித்த கொழுப்பு இரவுக்குள் திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். கடையில் மேசை லாச்சியில் இருந்து எடுத்தாலும் பெட்டகத்தில் இருந்து எடுத்தாலும் மாதக் கடைசியில் ஐந்தொகை ஒன்றுதான். இருபது வருசமாகக் கணக்கு எழுதுகிறவனுக்கு இது உறைக்க ஐந்து மாதம் எடுத்திருக்கிறது.

ஐந்தொகையைச் சரிபார்த்தது நானில்லை, அம்மா. வைகாசியில் ஒருநாள் இரவு, தட்டில் இரண்டு துண்டு பாரை மீனும், பொரித்த முட்டையும், ஒரு கிண்ணம் சம்பலுமாக இருந்தேன். தராசு மூன்று கிழமையாக அசையவில்லை என்று முறைப்பட்டேன். அம்மா கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சோத்த வேணாமெண்டு போட்டு ஒரு தேங்காயத் தனியாத் தின்னுறாய் மனே. முந்தி ஒரு தேங்காய் நம்ம நாலு பேருக்கும் காணும்."

அடுத்த நாள் கணக்குப் பார்த்தேன். துருவின தேங்காய் 100 கிராமில் 350 கலோரி அளவு, பெரும்பாலும் கொழுப்பு. ஒரு தேங்காய் முழுக்கத் துருவினால் ஆயிரத்தைத் தாண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120. காலையில் பத்து மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் கடைக்கு வருகிற ரோல்ஸ், பட்டிஸ் தட்டில், 'பாணில்லை, ஓடியும் இருக்கிறேன், ஒன்று பரவாயில்லை' என்று எடுத்ததையும் சேர்த்தேன். அதில் கோதுமை மா இருக்கிறது என்பதைக்கூட மனம் வசதியாக மறந்திருந்தது. மறுபக்கம், ஓட்டத்தின் செலவு: உடம்பு நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஓடுகிற ஒவ்வொரு கிலோமீற்றருக்கும், ஏறத்தாழ ஒரு கலோரி. நான் 5 கிலோமீற்றர் ஓடினால் 420 சொச்சம். ஒரு கிலோ உடம்புக் கொழுப்பில் 7700 கலோரி அளவு இருக்கிறது, அதை ஓடி மட்டும் கரைப்பதென்றால் எனக்கு 90 கிலோமீற்றர், அதாவது கல்லடியிலிருந்து வெளிக்கிட்டுக் கல்முனை, அக்கரைப்பற்று எல்லாம் கடந்து திருக்கோவிலையும் தாண்டிப் போக வேண்டும். அதைத் திரும்பத் தின்ன ஏழெட்டுத் தேங்காய் போதும், ஆறு மாதம் ஆறுதலாகத் தின்னலாம்.

ஆடித் திருவிழாவுக்குப் பெரியம்மா வருசா வருசம் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர். போன வருசம் நானும் வருகிறேன் என்றேன், வேண்டுதல் பாதி, கொழுப்பு எரிக்கிற ஆசை பாதி. பெரியம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது, மெலிந்த உடம்பு, தலையில் ஒரு துணி மூட்டை. உகந்தை முருகனைக் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்கினோம். கச்சான் காற்று அடித்து நிலம் வெடித்துக் கிடந்தது, புழுதி கணுக்கால் வரை. முதல் நாள் நான் வேகமாக முன்னால் போய்ப் போய் நின்றேன். இரண்டாம் நாள் நண்பகலில் நான் மர நிழலில் குந்தியிருந்தேன், பெரியம்மா அதே நடையில், ஒரு இழை கூடாமல் குறையாமல், என்னைக் கடந்து போனார்.

"என்ன மனே, களைச்சுப் போனியா? மெள்ள வா. அரோகரா சொல்ல ஏலாட்டி அது நடை இல்ல, ஓட்டம்."

இந்த ஒரு வசனத்துக்குள் நான் வாசித்த ஆய்வுகள் பாதி அடங்கியிருந்தன. மூச்சு முட்டாமல் ஒரு முழு வாக்கியத்தைக் கதைக்க முடிகிற வேகத்தில்தான் பொதுவாகக் கொழுப்பு நன்றாக எரியும், ஒருவரின் உடம்பு உச்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசன் அளவில் 45 முதல் 65 வீதம் வரையான இடம் அது. அதற்கு மேலே போனால் வசனம் துண்டு துண்டாக வரும், மாச்சத்து வேகமாகக் கரையும். 'அரோகரா' என்று நெஞ்சு நிறைய இழுத்துச் சொல்ல முடிந்தால் சரி. 'அரோ'வோடு நின்றால் கடவையைத் தாண்டிவிட்டீர்கள். இன்றைக்கும் நான் ஓடும்போது இதுதான் என் கருவி, நாலு பேர் திரும்பிப் பார்த்தாலும். காலையில் சீனி போட்ட பிளேன்டீ, கையில் அவித்த கடலை, மத்தியானம் சோறும் பருப்பும், கும்புக்கன் ஆற்றில் குளிப்பு என்று போகிற அந்தக் கூட்டத்தில் எழுபது வயதுக்காரரும் விழாமல் நடக்கிறார் என்றால் நாள் முழுக்க அந்தக் கோட்டுக்குக் கீழேயே இருப்பதால்தான். கொழுப்பு அடுப்பில், அதை அணையாமல் வைத்திருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு.

அப்புறம் மாணிக்க கங்கையில் முழுகி, சாமி கும்பிட்டு, அன்னதானம் சாப்பிட்டு வீடு வந்து தராசில் ஏறினேன். போகும்போது 84.9, வரும்போது 84.6. ஒரு கிழமை முழுக்கக் கொழுப்பு எரியும் வேகத்தில் நடந்ததற்கு 300 கிராம். அன்னதானத்தில் இரண்டாம் தரம் வாங்கியது, மூன்றாம் தரம் வாங்கியது எல்லாம் பெரியம்மா அம்மாவுக்குச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் சோறு திரும்ப வந்தது. இரண்டு கிழமையில் நிறை ஒன்றரைக் கிலோ ஏறியது. தண்ணீர், இந்த முறை பயப்படவில்லை. ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்கு முதல் நாள் இரவு சிவப்பரிசிச் சோறு, விடிய இரண்டு கதலிப்பழம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் காற்சட்டைப் பையில் நாலைந்து பேரீச்சம்பழம், சின்னப் பழம் ஒன்றில் 5, 6 கிராம் சீனி இருக்கும். வெளிநாட்டுக்காரர் பிழிந்து குடிக்கிற பொதிகளுக்குக் கொடுக்கிற விலை நமக்குக் கட்டாது. கிழமையில் நாலு ஓட்டம், அதில் மூன்று அரோகரா வேகம், ஒன்று மட்டும் பாலத்தில் மூச்சு வாங்க. நீளத்துக்கு நீளம் வேகமாக ஓடி நடந்து திரும்புவது, வலை வீசுகிறவர்கள் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

ஓடி முடிந்து சாப்பிடுகிற சோறு எங்கே போகிறது என்பதற்கு ஒரு அழகான பரிசோதனை இருக்கிறது. 1966இல் சுவீடனில் பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ற்மன் என்ற இரண்டு பேர் தங்களையே வைத்துச் செய்தது. ஒரே சைக்கிளின் இரண்டு பக்கத்திலும் இருந்து, ஆளுக்கு ஒற்றைக் காலால், களைத்து விழும்வரை மிதித்தார்கள். பிறகு மூன்று நாள் மாச்சத்து உணவு. தசையில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்தால், மிதித்த காலில் கிளைக்கோஜன் மிதிக்காத காலைவிட இரண்டு மடங்களவு ஏறியிருந்தது. வேலை செய்த கால் சோற்றைக் கூப்பிட்டு வைத்துக்கொள்கிறது. சோம்பேறிக் காலுக்கு அந்தப் பசி இல்லை. ஒரே மனிதர், ஒரே சோறு.

மாச்சத்தை விட்டு ஓடவே முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. பல மாதம் பழகினால் உடம்பு கொழுப்பைப் பிரமாதமாக எரிக்கப் பழகும், அதை அளந்தும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அவுஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் குழுவினர் உலகத்தர வேகநடைப் போட்டிக்காரரை வைத்துச் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்புச் சாப்பாட்டுக்காரர் கொழுப்பை அள்ளி எரித்தார்கள், அதே வேகத்துக்குக் கூடுதல் ஒட்சிசன் கேட்டார்கள், 10 கிலோமீற்றர் நேரம் முன்னேறவில்லை. மாச்சத்துச் சாப்பிட்டவர்கள் முன்னேறினார்கள். கென்யாவின் முன்னணி ஓட்டக்காரரைப் பற்றிய 2004ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் அவர்கள் சாப்பாட்டின் நாலில் மூன்று பங்குக் கலோரி மாச்சத்திலிருந்து வந்தது, முக்கியமாக உகாலி என்ற சோளன் மாக் களி. நிறையைப் பொறுத்தவரை, ஸ்ரான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருசம் பார்த்தார்கள், முடிவு 2018இல் வந்தது: கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோ, மாச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரி 6 கிலோ, பெரிய வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் மிக மெலிந்தவரும் இருந்தார், ஏறிப் போனவரும் இருந்தார். எதை விட முடிகிறதோ அதை விடுங்கள். எனக்குச் சோற்றை விட முடியவில்லை, ரோல்சை விட முடிந்தது.

அப்பாவின் கதை வேறு. அவருக்குச் சோற்றைப் பாதியாக்கச் சொன்னது வைத்தியர், பாதியாக்கினார், சீனி அளவு இறங்கியது. அதைப் பார்த்துவிட்டு நான் என் கட்சியை வீட்டில் பெரிதாகக் கத்துவதில்லை. மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் இதையெல்லாம் வாசித்துவிட்டு விடிய வெறும் வயிற்றோடு பாலத்துக்கு ஓடிவிடாதீர்கள், காக்கா கேட்ட முதல் கேள்வியை நினைவில் வையுங்கள்.

இந்த ஆடியில் தராசு 76.6 காட்டியது. ஒரு வருசத்தில் 8 கிலோ. பிரித்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 170 கலோரி அளவு, ஒரு கரண்டி எண்ணெயும் இன்னும் கொஞ்சமும். கணக்கு இவ்வளவு நேராக நடக்காது, உடம்பு மெலிய மெலியச் செலவும் குறையும், பிறகும் அந்தச் சின்ன எண்ணைப் பார்க்கச் சிரிப்பு வருகிறது. கரைந்த கொழுப்பு எங்கே போயிற்று என்று பொடியன் கேட்டான். மூச்சில் போயிற்று என்றேன், 10 கிலோ கொழுப்பில் 8.4 கிலோ காபனீரொட்சைட்டாக வாயால் மூக்கால்தான் போகிறது, மிச்சம் தண்ணீர். அவன் நம்பவில்லை. அண்ணன் பகிடி விடுகிறார் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

நாளைக்கு ஞாயிறு. ஆரையம்பதி தாண்டித் தாழங்குடா வரை போவதாக யோசனை. திரும்பி வரும்போது பிட்டு இருக்கும், அம்மா மா வறுத்து அரித்து வைத்துவிட்டார். தேங்காய்ப்பூவைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். "ஓம்" என்றார். குசினியில் இப்போது இரண்டாவது தேங்காய் உடைகிற சத்தம் கேட்கிறது.